ஜாதகச் செயலியில் சேர்க்கும் தகவல் யாருக்குச் சொந்தம்?

வாசகர் கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என் மாமா தோட்டத்துக் கோயிலில் ஜாதகம் எழுதித் தருகிறார். அவருக்காக ஒரு செயலி எழுதியிருக்கிறேன். கட்டற்ற மென்பொருளாக, மாற்றி வெளியிடுகிறவரும் மூல நிரலைத் தர வேண்டும் என்கிற ஜிபிஎல் 2 உரிமத்தில் வெளியிட ஆசை. மலாயாவின் பழைய நேர மாற்றங்களை, விலைக்கு வாங்கிய ஒரு வெளிநாட்டு ஜோதிட மென்பொருளின் அட்டவணையைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். திதி, நட்சத்திர முடிவு நேரங்கள் சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தில் இருந்து மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தவை. பலன்கள் ஒரு புத்தகத்தில் இருந்து. சுமார் அறுபது தோட்டங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, பலர் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் இருந்து. கிரக நிலையைக் கணிக்க ஸ்விஸ் எபிமெரிஸ் என்ற நிரல் நூலகம். திரைப் பகுதியை நண்பர் ஒருவர் எழுதினார். "தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது, தைரியமாகப் போடு" என்கிறார் அவர். இன்னொருவர், "கேஸ் வரும்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

வணக்கம் தம்பி. இருவர் சொல்வதிலும் பாதி சரி. நீங்கள் சேர்த்திருக்கும் ஐந்து வகைத் தகவலுக்கும் ஐந்து விதமான பதில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி 'தரவு' என்று பெயர் வைத்ததால்தான் இந்தக் குழப்பம். நேர அட்டவணையில் இருந்து தொடங்குவோம். உங்கள் செயலிக்கு உயிர்நாடியும் அதுதான், உலகளவில் வழக்கு வரை போனதும் அதுதான்.

1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. 1945 செப்டம்பர் 12க்கும் அந்த நாளுக்கும் இடையில் பிறந்தவரின் சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) உள்ள நேரம் கிரீன்விச்சை விட ஏழரை மணி முந்தியது, எட்டு மணி அல்ல. லக்னம் ஏறக்குறைய நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். அரை மணி பிசகினால் ஏழரைப் பாகை. ராசிக்கு முப்பது பாகை என்பதால், 1982க்கு முன் பிறந்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு லக்னமே மாறிப் போகும். ஆகவே இந்த அட்டவணை இல்லாமல் செயலி இல்லை. ஆனால், 'இந்தத் தேதியில் இவ்வளவு மாறியது' என்பது நடந்த சம்பவம். சம்பவத்தை யாரும் எழுதி உருவாக்கவில்லை, அதனால் யாரும் அதற்கு ஆசிரியர் ஆக முடியாது.

இதே விஷயத்துக்காக 2011 செப்டம்பர் 30 அன்று ஆஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க ஜோதிட மென்பொருள் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. உலகத்தின் கணினிகளும் கைத்தொலைபேசிகளும் நேரம் பார்க்கப் பயன்படுத்தும் டிஇசட் தரவுத்தளத்தைப் பராமரித்த ஆர்தர் டேவிட் ஓல்சன், பால் எகர்ட் இருவர் மீதும் வழக்கு. தன்னிடம் உரிமையுள்ள ஒரு நேர அட்லஸில் இருந்து எடுத்துவிட்டார்கள் என்பது புகார். அடுத்த வாரமே அந்தத் தரவுத்தளத்தின் இணைய இருப்பிடம் மூடப்பட்டது. அக்டோபர் 14 அன்று, இணையப் பெயர்களையும் முகவரிகளையும் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இணைய உரிமைகளுக்காக வாதாடும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் இருவர் சார்பிலும் நின்றது. 2012 பிப்ரவரியில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. வரலாற்று உண்மைகள் யாருடைய சொத்தும் அல்ல என்று ஒப்புக்கொண்டு, இனி இது குறித்து வழக்குப் போடுவதில்லை என்றும் உறுதி கொடுத்தது. உங்கள் நண்பர் இதை நினைத்துத்தான் தைரியம் சொல்லியிருப்பார். ஆனால் நீதிமன்றம் தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. வழக்கு வாபஸ் ஆனது, அவ்வளவுதான். வெற்றி கிடைத்தவர்களும் இடையில் சில மாதங்கள் வழக்கறிஞரோடு அலைய வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

அமெரிக்காவில் தீர்ப்பாகவே நிற்பது 1991ஆம் ஆண்டின் ஃபீஸ்ட் வழக்கு. கான்சாஸ் மாநிலத்து டெலிபோன் டைரக்டரியில் இருந்த பெயர், ஊர், எண் பதிவுகளை இன்னொரு நிறுவனம் அனுமதியின்றி எடுத்துப் போட்டது. திருட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றே நுழைத்து வைத்த நாலு பொய்ப் பெயர்கள் கூட அப்படியே வந்திருந்தன. அப்படியும் உச்ச நீதிமன்றம் மீறல் இல்லை என்றது. வியர்வை சிந்திச் சேர்த்தேன் என்பதற்காக மட்டும் பதிப்புரிமை வராது, அகர வரிசையில் அடுக்குவதில் எந்தப் படைப்பும் இல்லை என்பது அதன் சாரம்.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். அது அமெரிக்கச் சட்டம். நம் பதிப்புரிமைச் சட்டம் 1987, அதாவது சட்டம் 332, அதன் 7ஆம் பிரிவில் வேறு விதமாகப் பேசுகிறது. படைப்புக்குச் சுயத்தன்மை வரும்படி 'போதிய உழைப்பு' செலவிடப்பட்டிருந்தால் அது பாதுகாப்புக்குத் தகுதி பெறுகிறது. 'இலக்கியப் படைப்பு' என்ற சொல்லுக்கு அதே சட்டம் தரும் விளக்கத்தில் அட்டவணைகளும் தொகுப்புகளும் அடக்கம். 8ஆம் பிரிவு வெறும் தரவுத் தொகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்லும்போது, தேர்ந்தெடுத்ததிலும் அடுக்கியதிலும் அறிவு முயற்சி இருக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இது: தனித்தனி உண்மை எவருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒருவர் பாடுபட்டுத் தொகுத்த முழு அட்டவணையை வரிசை மாறாமல் தூக்கிப் போட்டால், மலேசியாவில் அவர் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிற அளவு நிம்மதி இங்கே இல்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. நீங்கள் விலை கொடுத்து வாங்கி, நிறுவும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திய மென்பொருள் அது. பதிப்புரிமை இல்லாத தகவலையும் ஒப்பந்தம் கட்டிப்போடும். 1996இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று புரோசிடி வழக்கில் இதைத்தான் சொன்னது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டெலிபோன் டைரக்டரிகளைச் சேர்த்த குறுந்தகடு அது. எண்களுக்குப் பதிப்புரிமை இல்லாவிட்டாலும், கூடவே வந்த உரிம நிபந்தனை வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பானது. உங்கள் மென்பொருளின் நிபந்தனையில் 'தரவைப் பிரித்தெடுக்கக் கூடாது' என்ற வரி இருந்தால், கையால் தட்டச்சு செய்தேன் என்பது பதிலாகாது.

ஆகவே அந்த அட்டவணையைத் தூக்கிவிடுங்கள். இழப்பு ஒன்றுமில்லை, டிஇசட் தரவுத்தளம் பொதுவுடைமை. எந்த உரிமத்தோடும் கலக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நம் தீபகற்பத்துக்கு ஆறே வரிதான்: 1905 ஜூன் 1 முதல் 7 மணி, 1933 ஜனவரி 1 முதல் 7 மணி 20 நிமிடம், 1941 செப்டம்பர் 1 முதல் ஏழரை, 1942 பிப்ரவரி 16 முதல் ஜப்பான் நேரம் 9, 1945 செப்டம்பர் 12 முதல் மீண்டும் ஏழரை, 1982 ஜனவரி 1 முதல் 8. கடைசி வரிக்கு 1981ஆம் ஆண்டின் மலேசியத் தர நேரச் சட்டத்தையே ஆதாரமாகக் குறிக்கலாம். சட்ட வாசகங்களை நம் பதிப்புரிமைச் சட்டம் 'இலக்கியப் படைப்பு' என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. சபா, சரவாக்கில் பிறந்தவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. கூச்சிங் பெயரில் உள்ள தனி வரிசையைப் பாருங்கள்.

இதில் ஒரு இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். 1942 பிப்ரவரி 16 என்பது சிங்கப்பூர் வீழ்ந்த மறுநாள். ஈப்போவை ஜப்பானியர் 1941 டிசம்பர் கடைசியிலேயே பிடித்துவிட்டார்கள். இடைப்பட்ட வாரங்களில் பேராக்கில் பிறந்தவருக்கு எந்த நேரம் என்பதை அந்த வரியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அட்டவணையில் 'ஐயம்' என்று ஒரு பத்தி வையுங்கள். அந்தத் தேதிக்குள் வரும் ஜாதகத்துக்குச் செயலி இரண்டு லக்னத்தையும் காட்டட்டும். அடுத்தவர் அட்டவணையை அப்படியே பெயர்த்தால் அதன் பிழையும் சேர்ந்து வரும். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடும்போது உரிமைச் சிக்கலும் தீர்கிறது, தகவலும் சுத்தமாகிறது.

அடுத்து பஞ்சாங்கம். மூன்று ஆண்டுத் தட்டச்சு உழைப்பை வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அதை வெளியிட வேண்டாம். ஒரு நாட்டின் படைப்பை மற்ற நாடுகளும் பாதுகாக்க வழி செய்யும் பெர்ன் உடன்படிக்கையில் மலேசியா 1990 முதல் உறுப்பு நாடு, இந்தியாவும் உறுப்பு நாடு. சென்னையில் அச்சான நூலுக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு. கணித்து, தேர்ந்து, விரத நாள்களைச் சேர்த்து அடுக்கியவரின் உழைப்பு முழுவதையும் எடுக்கிறீர்கள், ஒன்றிரண்டு தேதியை அல்ல.

அதைவிட முக்கியம், அந்த நூல் சுங்கை சிப்புட்டுக்குப் பொருந்தாது. திதி முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்று என்பதால் இந்திய நேரத்தோடு இரண்டரை மணி கூட்டினால் போதும். ஆனால் சூரிய உதயத்தை வைத்துப் பார்ப்பவை எல்லாம் மாறும். நம் ஊரில் சூரியன் உதிப்பது ஆண்டு முழுக்க ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில். ஆறு மணி உதயத்தை வைத்து அச்சடித்த 'திங்கள் ராகு காலம் 7.30 - 9.00' இங்கே உதயம் 7.10 என்றால் 8.40 - 10.10 ஆகிறது. உதயத்தில் எந்தத் திதி நிற்கிறது என்பதும் சில நாள்களில் வேறாகும்.

நீங்களே கணியுங்கள். சந்திரனின் தீர்க்கத்தில் இருந்து சூரியனின் தீர்க்கத்தைக் கழித்து, பன்னிரண்டு பாகைக்கு ஒன்றாக வகுத்தால் திதி. ஆறு பாகைக்கு ஒரு கரணம். சந்திரனின் நிராயனத் தீர்க்கத்தை (அயனாம்சம் கழித்தது) 13 பாகை 20 கலையால் வகுத்தால் நட்சத்திரம்; கலை என்பது பாகையில் அறுபதில் ஒன்று. அயனாம்சத்துக்கு, அதாவது வசந்த சமப்புள்ளிக்கும் நிலையான ராசிச் சக்கரத்தின் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளிக்கு, இந்திய நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு எடுத்துக்கொண்ட அளவு, 1956 மார்ச் 21 அன்று 23 பாகை 15 கலை. இந்த முறையும் எண்ணும் எவருக்கும் சொந்தமில்லை. கருத்து, செய்முறை, கணித விதி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்று 7ஆம் பிரிவே சொல்கிறது. அச்சுப் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைச் சரிபார்ப்பதில் தவறே இல்லை. மாமா பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவராக இருந்தால், இன்றைய வானியல் அளவுகளைக் கொண்ட திருக்கணித விடையோடு மணிக்கணக்கில் வேறுபடும். அது உங்கள் நிரலின் பிழை அல்ல, இரண்டு மரபும் வேறு.

கணக்குக்கு நீங்கள் பயன்படுத்தும் ஸ்விஸ் எபிமெரிஸ் இரட்டை உரிமத்தில் வருகிறது: ஒன்று ஜிபிஎல்லின் உறவு உரிமமான ஏஜிபிஎல், மற்றொன்று பணம் கட்டி வாங்கும் தொழில்முறை உரிமம். இலவசமாக எடுத்தால் முதலாவது உங்களைக் கட்டும். 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று எழுதிய நிரல் ஏஜிபிஎல் 3 உடன் சேராது. 'ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தையது' என்று மாற்றினால் சேரும். ஜிபிஎல் 3இன் 13ஆம் பிரிவு அதற்கென்றே இடம் விட்டிருக்கிறது. நாளைக்கு இதை இணையதளமாக நடத்தினால், பயன்படுத்துகிறவர்களுக்கு முழு மூல நிரலையும் தர வேண்டும். அது வேண்டாம் என்றால் நிபந்தனை அதிகமில்லாத எம்ஐடி உரிமத்தில் அஸ்ட்ரானமி எஞ்ஜின் என்ற நூலகம் இருக்கிறது. அதன் துல்லியம் ஒரு கலை அளவு. சந்திரன் சூரியனை விட்டு மணிக்குச் சுமார் முப்பது கலை விலகுவதால், திதி முடிவில் சில நிமிடம் பிசகலாம். கோயில் தேவைக்கு அது போதும் என்பது என் கருத்து.

பலன்கள் விஷயத்தில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, புத்தக வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். 'ஏழில் செவ்வாய் நின்றால் இன்னது' என்ற கருத்து மரபுக்குச் சொந்தம். அதைச் சொன்ன வாக்கியம் எழுதியவருக்குச் சொந்தம். பழைய பாடல்களை எடுத்தாளலாம், பக்கத்தில் உள்ள புதிய உரையை எடுக்கக் கூடாது. இங்கே ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு, இந்தியாவில் 60. செயலி இரண்டு நாட்டிலும் இறங்கும் என்பதால் நீளமானதைக் கணக்கில் வையுங்கள். இதைவிட நல்ல வழி, மாமா சொல்லச் சொல்ல எழுதுவது. அப்போது அந்த வாசகத்தின் உரிமை அவருடையது. 'இந்த உரிமத்தில் வெளியிடச் சம்மதம்' என்று ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உறவுக்குள் எதற்குத் தாள் என்று விட்டுவிட வேண்டாம். பின்னாளில் செயலியை எடுத்து நடத்துகிறவருக்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

தோட்டங்களின் இருப்பிடத்துக்கு வருவோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 முதல் ஓடிபிஎல் என்ற தரவு உரிமத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி தரவுத்தளம் தொகுத்தவருக்கு 15 ஆண்டுத் தனி உரிமை உண்டு. மலேசியாவில் அப்படி ஒன்று இல்லை. அந்த ஐரோப்பிய உரிமையையும் கருத்தில் கொண்டு எழுதியது ஓடிபிஎல். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அதில் இருந்து பிறக்கும் தரவுத்தளத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். நூற்றுக்கும் குறைவான இடங்களை எடுப்பது 'கணிசமான பகுதி' ஆகாது என்று அதன் அறக்கட்டளை வழிகாட்டி தந்திருக்கிறது, உங்கள் அறுபது அதற்குள் அடங்கும். ஆனால் இன்று அறுபது, அடுத்த மாதம் அறுபது என்று திரும்பத் திரும்ப எடுத்தால் சேர்த்தே எண்ணப்படும். பேராக் முழுவதற்கும் விரிக்கும் எண்ணம் இருந்தால், அந்தக் கோப்பை ஓடிபிஎல்லில் தனியாக வைத்து, செயலியின் 'பற்றி' பக்கத்தில் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று போடுங்கள். நிரலுக்குள் பதித்து எழுதாதீர்கள், ஓடிபிஎல்லும் ஜிபிஎல்லும் ஒரே கோப்பில் ஒத்துப்போகாது.

எனக்குப் பிடித்த வழி வேறு. லக்னத்துக்குத் தீர்க்கரேகை நூறில் ஒரு பாகை துல்லியம் போதும், அது இரண்டரை வினாடிக்கும் குறைவான வித்தியாசம். கோயில் வாசலில் நின்று கைத்தொலைபேசி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டால் அந்தத் தகவல் முழுக்க உங்களுடையது. கூடவே, தோட்டத்து ஆள்கள் அந்த இடத்தை அழைக்கும் தமிழ்ப் பெயரையும் எழுதுங்கள். கம்பெனிப் பெயர் ஒன்றாகவும் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) வழங்கும் பெயர் வேறாகவும் இருப்பது உங்களுக்குத் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு அந்தப் பெயர் பெரியவர்கள் நாவில் மட்டும்தான் நிற்கிறது. பெயருக்குப் பதிப்புரிமை இல்லை, யாரும் தடுக்கப் போவதில்லை. கூகுள் வரைபடத்தில் இருந்து மட்டும் அள்ளிச் சேர்க்காதீர்கள். அதன் பயன்பாட்டு நிபந்தனை தடுக்கிறது.

நீங்களே சேர்த்த தரவுக்கு என்ன உரிமம்? ஜிபிஎல்லை அதன் மேல் ஒட்டாதீர்கள் என்பேன். உரிமை இருக்கிறதா இல்லையா என்றே ஐயமான ஒன்றின் மேல் கனமான நிபந்தனையை வைத்தால், நல்ல மனிதர்கள் பயந்து ஒதுங்குவார்கள், மற்றவர்கள் எப்படியும் எடுப்பார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சிசி சீரோ போடுங்கள். எந்தச் சட்டம் எந்த அளவு உரிமை தந்தாலும் அதை விட்டுக்கொடுக்கிறேன் என்பது அதன் பொருள். விட்டுக்கொடுப்பது செல்லாத நாட்டிலும் நிபந்தனையற்ற அனுமதியாக அது நிற்கும். பெயர் வர வேண்டும் என்று விரும்பினால் சிசி பை 4.0. தரவுத்தள உரிமையையும் சேர்த்துப் பேசுவது அந்த நாலாம் பதிப்புதான், பழைய மூன்றாம் பதிப்பை எடுக்காதீர்கள்.

கோப்பு அமைப்பில் நிரலுக்கு ஒரு அடைவு, தரவுக்கு ஒரு அடைவு, உரிமங்களின் முழு வாசகத்துக்கு ஒரு அடைவு. காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்புக்குள் குறிப்பு எழுத இடமில்லாததால், அதே பெயரில் பக்கத்தில் ஒரு சிறு உரைக் கோப்பு வைத்து உரிமத்தையும் உரிமையாளரையும் எழுதுங்கள். அட்டவணையில் தேதி, அளவு இவற்றோடு 'எங்கிருந்து', 'எப்போது சரிபார்த்தது', 'ஐயம்' என்று மூன்று பத்திகள் இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் உங்கள் பக்கம் பேசப்போவது 'எங்கிருந்து' என்ற அந்தப் பத்திதான். தரவைச் சுருக்கி வேறு வடிவத்தில் செயலிக்குள் வைத்தால் மூல சிஎஸ்வியையும் மாற்றும் நிரலையும் சேர்த்தே கொடுங்கள். திருத்துவதற்கு வசதியான வடிவத்தைத் தர வேண்டும் என்பது ஜிபிஎல்லின் கட்டளை.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பஞ்சாங்கக் கோப்பையும் பலன் கோப்பையும் இன்று நீக்கினாலும், கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் அவை அப்படியே இருக்கும். அந்த வரலாறும் சேர்ந்த களஞ்சியத்தைப் பொதுவில் திறந்த கணமே பழைய பதிப்புகளையும் விநியோகித்தவர் ஆகிறீர்கள். கிட் ஃபில்டர்-ரீப்போ என்ற கருவியால் அந்தக் கோப்புகளை வரலாறு முழுவதில் இருந்தும் களையுங்கள். அது சிரமமாகத் தெரிந்தால் சுத்தமான கோப்புகளோடு புதிய களஞ்சியம் தொடங்குங்கள். தோழர்களுக்கு முன்பே அனுப்பிய செயலிக் கோப்பு இருந்தால் அதையும் மாற்றிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செயலியைச் சோதிக்க மாமாவின் நோட்டில் உள்ள ஜாதகங்களைப் பயன்படுத்தியிருப்பீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களைப் பற்றியது என்றாலும், அந்த ஜாதகங்கள் சோதனைக் கோப்பாக வெளியே போகக் கூடாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பிறந்த தேதி, நேரம், தோட்டம் மூன்றும் இருந்தால் சுங்கை சிப்புட்டில் அது யார் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நம்பி வந்து நேரம் கொடுத்தவர்கள் அவர்கள். கற்பனைத் தேதிகளை வைத்துச் சோதியுங்கள். 1981 டிசம்பர் 31 இரவு 11.20, 1982 ஜனவரி 1 காலை 12.40 போன்றவை மாற்றத்தின் இருபுறமும் பிழையைப் பிடித்துக்கொடுக்கும்.

ஜிபிஎல் 2இல் இருந்து 3க்கு மாறுவதை நீங்கள் மட்டும் முடிவு செய்ய முடியாது. திரைப் பகுதியை எழுதிய நண்பருக்கும் அதில் உரிமை உண்டு. 'நான் எழுதிய பகுதியை ஜிபிஎல் 3 அல்லது பிந்தையதில் வெளியிடச் சம்மதம்' என்று அவரிடம் மின்னஞ்சலில் ஒரு வரி வாங்குங்கள். அது கைக்கு வந்த பிறகு களஞ்சியத்தைத் திறக்கலாம்.